முதற் கற்பனையும் கொரியத் திருச்சபையும்

பத்துக் கற்பனைகளுள் முதலாவதை ஓய்வுநாள் பள்ளிச் சிறுவரும் பிழையின்றி ஒப்புவிப்பர். ஆண்டவர் ஒருவரையே சேவிக்க வேண்டும் என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், திருச்சபை வரலாற்றைக் கூர்ந்து நோக்குங்கால் ஓர் உண்மை நமக்குப் புலனாகிறது. இக்கற்பனையைக் குறித்து விசுவாசிகள் சோதிக்கப்பட்ட பல வேளைகளில், கிறிஸ்துவை விட்டுவிடும்படி எவரும் அவர்களைக் கேட்கவில்லை. கிறிஸ்துவை வைத்துக்கொண்டு, அவரோடுகூட இன்னொன்றிற்கும் சிறிது தலைவணங்கும்படியே கேட்டனர். அவ்வாறு வணங்குவது வழிபாடு அன்று என்றும் உறுதி கூறினர்.

அப்படியாயின், எது வழிபாடு, எது வெறும் மரியாதை என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? தேவனுக்கு மட்டுமே உரிய பக்தி என்னும் பொருளின் உயிர்நாடி இக்கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. இக்கேள்வியை நம் ஆசியக் கண்டத்துத் திருச்சபை ஒன்று தன் உடலிலும் ஆவியிலும் சந்தித்தது. அதன் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. பழங்காலத் திருச்சபை கண்ட இரு கேள்விகள்

கொரியாவுக்குச் செல்லுமுன் மூன்றாம் நூற்றாண்டை ஒரு கணம் நினைவுகூர்வது நலம். கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டீசியஸ், தன் குடிகள் தேவர்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என ஆணை பிறப்பித்தான். எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட பாப்பிரஸ் ஏடுகளுள் இத்தகைய சான்றிதழ்கள் பல கிடைத்துள்ளன. தான் பலியிட்டதையும், பானபலி வார்த்ததையும், படைக்கப்பட்டதை உண்டதையும் குடிமகன் அவற்றில் அறிவிக்கிறான். கிறிஸ்துவின் பெயரோ, அவரை மறுதலிக்க வேண்டும் என்ற நிபந்தனையோ அவற்றில் இல்லை. பேரரசின் நலனுக்காகச் செய்யப்படும் ஒரு பொதுக் கடமை என்ற அளவிலேயே அரசு அதனைக் கேட்டது.

பலர் பலியிட்டனர். வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் பெற்றனர். துன்பம் தணிந்தபின், வீழ்ந்தவர்களைச் சபை எவ்வாறு ஏற்பது என்ற சிக்கல் எழுந்தது. கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் 251இல் வீழ்ந்தவர்களைக் குறித்து ஒரு நூல் எழுதினார். குற்றத்தை இலேசாக எண்ணி உடனே மன்னித்துவிடவும் அவர் இசையவில்லை. மனந்திரும்புதலின் வாயிலை அடைத்துவிடவும் இசையவில்லை. ரோமாபுரியிலோ நொவேஷியன் என்பவர், வீழ்ந்தவர்களுக்குச் சபையில் மீண்டும் இடமில்லை எனக் கூறிப் பிரிந்து சென்றார்.

ஆகவே முதற் கற்பனை திருச்சபையின்முன் இரு கேள்விகளை வைக்கிறது. வழிபாடு எது என்பது முதற் கேள்வி. வழிபாட்டில் தவறியவரை என் செய்வது என்பது இரண்டாவது. இவ்விரண்டும் இருபதாம் நூற்றாண்டுக் கொரியாவில் மீண்டும் எழுந்தன.

2. மதமன்று எனப்பட்ட கோயில்கள்

ஜப்பானில் மெய்ஜி ஆட்சியினர் ஷின்டோ கோயில்களை நாட்டுப்பற்றின் அடித்தளமாக அமைத்தனர். 1889ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மதச் சுதந்தரத்தை வழங்கியது; ஆனால் குடிமக்களின் கடமைகளுக்கு முரண்படாத வரையில் என்ற வரம்பையும் உடன் விதித்தது. இச்சுதந்தரத்தையும் கட்டாயக் கோயில் வணக்கத்தையும் ஒருங்கே நிலைநிறுத்த, அரசு ஒரு விளக்கத்தை உருவாக்கியது. அரசுக் கோயில்கள் மதத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை முன்னோரைப் போற்றும் தேசியச் சடங்கிற்கு உரியவை என்பதே அவ்விளக்கம். 1900இல் உள்துறை அமைச்சகத்தில் கோயில்களுக்கு ஓர் அலுவலகமும் மதங்களுக்கு வேறோர் அலுவலகமும் ஏற்படுத்தப்பட்டன. இவ்வாறு, வழிபாட்டின் எல்லையை வரையறுப்பது அரசு அலுவலகத்தின் பணியாயிற்று.

இதனால் எழக்கூடிய நெருக்கடிக்கு முன்னறிகுறி ஒன்று 1891 சனவரியில் தோன்றியது. தோக்கியோவிலிருந்த முதல் உயர் நடுநிலைப் பள்ளியின் ஆசிரியரும் கிறிஸ்தவருமான உச்சிமுரா கான்சோ, பேரரசரின் கையொப்பமிட்ட கல்வி ஆணையின்முன் மற்றவரைப் போல் தாழ்ந்து வணங்கத் தயங்கினார். அத்தயக்கம் நாடெங்கும் கண்டனத்தை எழுப்பியது. அவர் தம் பதவியை இழந்தார்.

1910இல் ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சிக்குள் இணைத்துக்கொண்டது. 1925இல் சியோல் நகரின் நாம்சான் மலையில் கொரியாவுக்கான தலைமைக் கோயில் நிறுவப்பட்டது. அங்கு வணங்கப்பட்டவர்கள் அமத்தெராசு என்னும் சூரிய தேவதையும் மறைந்த மெய்ஜி பேரரசருமே. ஒரு தேவதையின் பெயரால் எழுப்பப்பட்ட இடத்தை மதமன்று என்று எங்ஙனம் கூறலாகும்? இவ்வினாவைக் கொரியக் கிறிஸ்தவர் எழுப்பியது இயல்பே.

அச்சபையின் தன்மையையும் நாம் அறிதல் வேண்டும். 1885இல் அண்டர்வுட், அப்பென்செல்லர் என்னும் மிஷனெரிகள் கொரியாவை அடைந்தனர். அன்று தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்குள் அங்கு வேதாகமத்தில் ஊன்றிய, தன் செலவைத் தானே தாங்கும் சபை வளர்ந்தது. பியோங்யாங் நகரில் 1901இல் இறையியல் பள்ளி தொடங்கியது. 1907இல் அங்கு பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. கிழக்கின் எருசலேம் என அந்நகர் அழைக்கப்பட்டது. அந்நகரிலேயே சோதனையும் வந்தது.

3. பியோங்யாங்கில் நிகழ்ந்தவை

1935 நவம்பரில் தென் பியோங்கான் மாநில ஆளுநர் கல்வி நிறுவனத் தலைவர்களைக் கோயிலுக்குச் சென்று வணங்கும்படி பணித்தார். சூங்சில் கல்லூரியின் தலைவர் மெக்கூன் என்னும் மிஷனெரி மறுத்தார். 1936 சனவரியில் அவருடைய பதவி பறிக்கப்பட்டது. கல்லூரி 1938இல் மூடப்பட்டது. அமெரிக்கத் தென் பிரஸ்பிடேரியன் மிஷன் வணக்கத்திற்கு இணங்காமல் 1937இல் தன் பள்ளிகளை மூடியது. பள்ளிகளை மூடிவிட்டால் பிள்ளைகளின் எதிர்காலம் என்னாகும், அரசின் விளக்கத்தை ஏற்றுப் பணியைத் தொடரலாகாதா என்று வாதிட்ட மிஷனெரிகளும் இருந்தனர். அவர்களை நாம் கோழைகள் எனத் தள்ளிவிடலாகாது. அவர்கள் கண்முன் நின்றவர் உண்மையான மாணவர்.

பிற சபைகளும் இதே கேள்வியை எதிர்கொண்டன. 1936 மே திங்களில் ரோமிலிருந்து வந்த அறிவுரை, அரசின் விளக்கத்தை ஏற்று, கத்தோலிக்கர் இச்சடங்கில் குடிமை மரியாதை என்ற பொருளில் பங்குகொள்ள இசைவளித்தது. மெதடிஸ்டு சபைத் தலைமையும் அவ்விளக்கத்தை ஒப்புக்கொண்டது. எஞ்சி நின்றது பிரஸ்பிடேரியன் சபை.

1937இல் சீனத்துடன் போர் மூண்டபின் நெருக்குதல் கடுமையாயிற்று. 1938 பிப்ரவரியில் வட பியோங்கான் வட்டார மன்றம் கோயில் வணக்கத்தை ஏற்றது. மற்ற மன்றங்கள் ஒவ்வொன்றாய்ப் பின்சென்றன. அவ்வாண்டின் கோடையில் ஜப்பான் கிறிஸ்தவ சபையின் தலைவர் டோமிட்டா மிட்சுரு கொரியாவுக்கு வந்து, கோயில் வணக்கம் மதமன்று எனப் போதகர்களுக்கு எடுத்துரைத்தார். பியோங்யாங்கின் சான்ஜோங்ஹியோன் சபைப் போதகர் சூ கி-சோல் இதை ஏற்கவில்லை. அவ்வணக்கம் முதற் கற்பனையை மீறுவதே என்று அவர் வாதாடினார். அரசின் விளக்கம் காவல் அதிகாரியின் வாயிலிருந்து மட்டுமன்றி, சகோதர சபையின் தலைவர் வாயிலிருந்தும் வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1938 செப்டம்பரில் இருபத்தேழாவது பொதுப் பேரவை பியோங்யாங்கில் கூடியது. அப்போது சூ கி-சோல் காவலில் இருந்தார். பேராளர்களுக்கு இடையிடையே காவல் துறையினர் அமர்ந்திருந்தனர். செப்டம்பர் 10ஆம் நாள், கோயில் வணக்கம் மதமன்று, கிறிஸ்தவக் கொள்கைக்கு முரணானதுமன்று, அதனை முன்னின்று நிறைவேற்றுவோம் என்ற கருத்துடைய தீர்மானம் முன்மொழியப்பட்டது. தலைவர் ஹோங் தேக்-கி இசைவோரின் குரலைக் கேட்டார். இசையாதோரின் குரலைக் கேட்கவேயில்லை. மறுப்புக் கூற எழுந்த மிஷனெரிகள் தடுக்கப்பட்டனர். தீர்மானம் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் வட்டார மன்றங்களின் பிரதிநிதிகள் பேரவையிலிருந்து நேரே பியோங்யாங் கோயிலுக்குச் சென்று வணங்கினர்.

அச்சிறு தலைவணக்கம் அத்துடன் நின்றுவிட்டதா? இல்லை. பேரரசரின் அரண்மனை இருந்த திசையை நோக்கி வணங்குவதும், பேரரசின் குடிமக்களுக்குரிய உறுதிமொழியைக் கூறுவதும் கிறிஸ்தவ ஆராதனைக்குள்ளேயே நுழைந்தன. 1945 சூலையில் புரொட்டஸ்டண்டுச் சபைகள் யாவும் ஜப்பானியச் சபையின் கிளையாக ஒரே அமைப்பில் திணிக்கப்பட்டன. வழிபாட்டின் வெளி எல்லையை அரசிடம் ஒப்படைத்த சபை, காலப்போக்கில் அதன் உள்ளிடத்தையும் இழக்க நேர்ந்தது.

4. வணங்காதவர்கள்

வணங்க மறுத்தவர் தொகை பெரிதன்று. ஆனால் அவர்கள் நாட்டின் பல பகுதிகளிலும் இருந்தனர். பார்க் குவான்-ஜுன் என்னும் மூப்பரும் ஆன் இ-சுக் என்னும் ஆசிரியையும் 1939 மார்ச்சில் தோக்கியோ சென்று, பாராளுமன்றம் கூடியிருந்த மண்டபத்தில் தங்கள் எச்சரிப்பு எழுதிய தாள்களை வீசினர். மூப்பர் சிறைத் துன்பத்தால் 1945 மார்ச்சில் உயிர்நீத்தார். அந்த ஆசிரியை விடுதலை நாள்வரை பியோங்யாங் சிறையிலிருந்தார்.

சூ கி-சோல் 1938 முதல் பலமுறை சிறைப்பட்டார். 1939 டிசம்பரில் அவருடைய வட்டார மன்றமே அவரைப் போதகர் பதவியினின்று நீக்கியது. குடும்பத்தார் போதகர் இல்லத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1940இல் அவருடைய ஆலயம் பூட்டப்பட்டது. 1944 ஏப்ரல் 21ஆம் நாள் அவர் சிறையில் மரித்தார். அரசு அவர் உடலைச் சிறையிலிட்டது; ஆனால் அவருடைய அருட்பணியை அவரிடமிருந்து பறித்தது திருச்சபையே. இதைப் படிக்கும் குருமார் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கற்பனையைக் காத்தவரைச் சபை ஒழுங்குமுறையின் பெயரால் தள்ள முடிந்தது. மன்றத் தீர்மானமும் பதிவேடும் தலைவர் கையொப்பமும் முறைப்படி அமைந்திருந்தும் சபை தவற முடிந்தது.

5. நாகமானின் விண்ணப்பம்

இவ்விடத்தில் வேதமாணவர் ஒருவர் நாகமானை நினைவூட்டக்கூடும் (2 இராஜாக்கள் 5:18). இஸ்ரவேலின் தேவனை அறிந்துகொண்ட அந்தச் சீரியப் படைத்தலைவன், தன் அரசன் ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் அவனுடன் குனிய நேரும் என்றும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்றும் வேண்டினான். எலிசா அவனைச் சமாதானத்தோடே அனுப்பினார். அப்படியிருக்க, கொரியக் கிறிஸ்தவர் குனிந்ததில் குற்றம் என்ன?

இது தட்டிக்கழிக்கத்தக்க கேள்வி அன்று. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் காண வேண்டும். நாகமான் ரிம்மோனின் கோவிலை ரிம்மோனின் கோவில் என்றே அழைத்தான். அங்கே குனிவது தன் தேவனுக்குமுன் மன்னிப்புக்குரிய காரியம் என அறிந்தான். அறிந்தபடியால் மன்னிப்பைக் கேட்டான். 1938ஆம் ஆண்டின் தீர்மானமோ மன்னிப்பைக் கேட்கவில்லை. மன்னிக்கப்பட வேண்டியது ஒன்றுமே இல்லை என்று அறிவித்தது. அச்சத்தால் குனிந்த தனி மனிதனின் பலவீனம் ஒன்று. அப்பலவீனத்தைக் கோட்பாடாக்கி, குனியாதவரைக் குற்றவாளியாக்கும் சபையின் அறிக்கை மற்றொன்று. முன்னதைத் தேவ இரக்கம் தாங்கும். பின்னது அவ்விரக்கத்தின் தேவையையே மறுத்துவிடுகிறது.

மதமன்று, வழக்கமே என்னும் இவ்வாதம் தமிழ்த் திருச்சபைக்கும் புதிதன்று. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு எழுந்தது. சாதி மதத்தைச் சார்ந்ததன்று, சமுதாய ஒழுங்கே என்பதுதான் அன்று அதைக் காத்தவர்கள் எடுத்துரைத்த வாதம். நற்கருணைப் பந்தியில்கூட முந்துவோர் யார், பிந்துவோர் யார் எனக் கட்டளையிடக்கூடிய ஒன்றை வெறும் வழக்கம் என்று சொல்லிவிட முடியுமா? தோக்கியோ அலுவலகம் செய்ததை நம் முன்னோருட் சிலர் அரச ஆணை எதுவும் இன்றியே செய்தனர். கொரியரை எடைபோட நாம் முற்படும்போது இதனை மறத்தல் ஆகாது.

6. விடுதலைக்குப் பின்

1945 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானிய ஆட்சி முடிந்தது. இரு நாட்களில் பியோங்யாங் சிறையிலிருந்த விசுவாசிகள் வெளிவந்தனர். அவர்கள் பழிவாங்க முற்படவில்லை. கோயிலில் வணங்கிய போதகரும் மூப்பரும் இரு மாதங்களுக்குக் குறையாமல் பணியினின்று விலகி, தம்மைத் தாழ்த்தி மனந்திரும்ப வேண்டும் என்பதே அவர்கள் முன்வைத்த முறை. ஏறக்குறைய சிப்ரியானின் வழி இது.

அவ்வாண்டு நவம்பரில் போதகர்கள் கூடியபோது ஹோங் தேக்-கி இதனை எதிர்த்தார். சிறையில் துன்புற்றவரைப் போலவே, வெளியே இருந்து சபையைக் காத்தவரும் துன்புற்றனர். மனந்திரும்புதல் அவரவர்க்கும் தேவனுக்கும் இடையிலுள்ள காரியம் என்பது அவர் கருத்து. வெளியே இருந்தவர் பட்ட துயரத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பேரவையில் வெளியரங்கமாகச் செய்த பாவத்தை உள்ளத்தின் தனியறையில் மட்டும் தீர்த்துக்கொள்ள முடியுமா? வணக்கம் பொதுவில் நிகழ்ந்தது. தீர்மானம் சபையின் பெயரால் வந்தது. அறிக்கையும் சபையின் பெயராலேயே வந்திருக்க வேண்டும்.

இதன் விளைவு பிரிவினை. சிறையினின்று வந்த ஹான் சாங்-டோங் முதலியோர் 1946இல் புசான் நகரில் ஒரு புதிய இறையியல் பள்ளியைத் தொடங்கினர். அவர்களைச் சார்ந்த குழுவினர் பொதுப் பேரவையினின்று ஒதுக்கப்பட்டு, 1952இல் தனிச் சபையாயினர். பெரும்பான்மையினர் மனந்திரும்பத் தாமதித்தனர். சாட்சிகளாய் நின்றவரின் சபைக்கோ, நொவேஷியனின் பழைய சோதனை எப்போதும் வாசலில் காத்திருந்தது. தன் உண்மைத்தன்மையின் மீதே ஒருவர் நம்பிக்கை வைக்கத் தொடங்கினால், அதுவும் ஆண்டவருக்குமுன் நிற்கும் இன்னொரு தேவனாகிவிடும் அன்றோ?

இறுதியில் 1954 ஏப்ரலில் ஆண்டோங் நகரில் கூடிய பொதுப் பேரவை 1938ஆம் ஆண்டுத் தீர்மானத்தை நீக்கியது. அப்பேரவைக்குத் தலைமை தாங்கிய லீ வோன்-யோங், வணங்க மறுத்துச் சிறை சென்றவர். ஜப்பானில் ஐக்கியக் கிறிஸ்தவ சபை 1967ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளன்று, அதன் தலைவர் சுசுகி மசாஹிசாவின் பெயரால், போர்க்காலத்தில் தான் தவறிய பொறுப்பை அறிக்கையிட்டது. 1992இல், டெம்பிள்டன் பரிசு பெற்ற மூத்த போதகர் ஹான் கியுங்-சிக், தமக்கு எடுக்கப்பட்ட பாராட்டு விழாவில், தாம் கோயிலில் வணங்கிய பாவத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டார். பியோங்யாங் வட்டாரத்தின் பெயரால் தென்கொரியாவில் இயங்கும் மன்றம் 1997இல் சூ கி-சோலின் போதகர் பதவியைத் திரும்ப அளித்தது. அவர் மரித்து 53 ஆண்டுகள் கழிந்திருந்தன.

7. நாம் கற்பவை

இவ்வரலாறு நமக்கு மூன்று காரியங்களை உணர்த்துகிறது.

முதலாவதாக, வழிபாடு எது என்று கூறும் உரிமையைத் திருச்சபை எவரிடமும் ஒப்படைக்கலாகாது. அரசானாலும், சமூகமானாலும், பெரும்பான்மையானாலும், வணக்கம் கேட்கும் ஒன்றே அது வணக்கம் அன்று என்று நமக்குச் சான்று கூறுமாயின், அச்சான்றை வேதத்தின் ஒளியில் சோதிக்க வேண்டும். மறுத்தால் என்ன நேரும் என்று கேட்பது ஒரு நல்ல சோதனை. வெறும் மரியாதை என்பதை மறுத்தவனுக்குச் சிறையும் மரணமும் கிடைக்குமானால், அது மரியாதையின் எல்லையை என்றோ கடந்துவிட்டது.

இரண்டாவதாக, ஒழுங்குமுறை சபைக்குத் தேவை. ஆனால் ஒழுங்குமுறையே உண்மைக்குச் சான்றாகிவிடாது. மன்றத்தில் எதிர்க்குரல் கேட்கப்படாத நாள், பெரும்பாலும் சபை தன் ஆண்டவரின் குரலையும் கேளாத நாளாயிருக்கும்.

மூன்றாவதாக, ஆண்டவருக்கு மட்டுமே உரிய பக்தி வீழாதவரின் தனிச்சொத்து அன்று. வீழ்ந்தவன் தன் வீழ்ச்சியை அதன் பெயர் சொல்லி அறிக்கையிடும்போது, தன் நற்பெயரையும், தன் பதவியையும், தன் நியாயங்களையும் தேவனுக்குமுன் கீழே வைக்கிறான். அந்நேரத்தில் வேறு தேவர்கள் அவனுக்கு இல்லை. சிறையில் சூ கி-சோல் காத்துக்கொண்ட கற்பனையை, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் ஒரு பாராட்டு விழா மேடையில் ஹான் கியுங்-சிக் மீண்டும் கைக்கொண்டார். முன்னது விலையேறப்பெற்றது, பின்னதும் கிருபையே.

முதற் கற்பனையைப் போதிக்கும் கடமை பெற்ற நாம், நம் சபைகளில் வழக்கம் என்றும் மரியாதை என்றும் பெயர் மாறி நிற்பவை எவை என்று ஆராய்வோமாக. அவற்றை அவற்றின் மெய்ப்பெயரால் அழைக்கும் துணிவையும், அழைத்தபின் வீழ்ந்தோருக்கு வாயிலைத் திறந்துவைக்கும் இரக்கத்தையும் ஆண்டவர்தாமே நமக்கு அருள்வாராக.